தலைவால்வு தேடிய மருமகன்

மாமனார் வீட்டில் தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லாத மருமகன் எங்கள் மாவட்டத்தில் இன்னும் பிறக்கவில்லை. என் நண்பன் ஒருவன் கல்யாணமான புதிதில் தென்னை ஏறிக் காட்டுகிறேன் என்று ஏறி, இறங்கத் தெரியாமல் மட்டையைக் கட்டிக்கொண்டு, கீழே நின்ற மாமியாரை ஜெபம் பண்ணச் சொன்னான். இன்னொருவன் மீன் வெட்டித் தருகிறேன் என்று அரிவாள்மணையில் உட்கார்ந்தான். அன்றைக்கு அந்த வீட்டில் குழம்பை யாரும் தொடவில்லை. இவர்களெல்லாம் கொடுத்து வைத்தவர்கள். கெட்டது அவரவர் உடம்பு மட்டும். நான் கெடுத்தது ஒரு மனிதரின் ஒரு வருட உழைப்பை. அதுவும் அவர் கண்முன்னாலேயே, அவர் என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கும்போதே. (கத்தியது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. காதில் ஹெட்போன் இருந்தது.)

என் மாமனார் செல்லத்துரை, கீரிப்பாறைக்குப் போகிற வழியில் மலையடிவாரத்தில் ரப்பர் தை வளர்த்து விற்றுக்கொண்டிருந்தார். (தை என்றால் எங்கள் பக்கத்தில் நடுகிற கன்று.) கறுப்புப் பிளாஸ்டிக் கூடுகளில் மண் நிரப்பி, விதை போட்டு முளைக்க வைத்து, நல்ல மரத்திலிருந்து மொட்டை எடுத்து ஒட்டுக் கட்டி, அது பிடித்ததா இல்லையா என்று தினமும் குனிந்து குனிந்து பார்த்து வளர்க்கிற வேலை. ரப்பருக்கு நல்ல மவுசு இருந்த காலம் அது. வாழை நின்ற இடம், மரச்சீனி (மரவள்ளி) நின்ற இடம் எல்லாம் ரப்பராகிக்கொண்டிருந்தது. ஜூனில் மழை விழுந்ததும் தோட்டக்காரர்கள் ஜீப்போடு வந்து வாசலில் நிற்பார்கள். அதுவரை தைகளை வெயிலில் சாகாமல் காப்பாற்றுவதுதான் செல்லத்துரையின் முழு வாழ்க்கை.

அதற்காகத் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஏற்பாடு ஒன்றைப் போட்டிருந்தார். கிணற்றில் மோட்டார். மண்ணுக்குள் குழாய். குழாயில் ஆங்காங்கே மின்சார வால்வுகள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தலைவால்வு. அது திறந்தால்தான் மற்றதுக்கெல்லாம் தண்ணீர் போகும். மோட்டார் அறையில் ஒரு பெட்டி, நேரம் பார்த்துக் கம்பி வழியே மின்சாரம் அனுப்பும். வால்வு திறக்கும். தைகளின் தலைக்கு மேல் பூப்போலத் தண்ணீர் விழும். ஊரே வந்து பார்த்தது.

ஊர் வந்து பார்த்ததில்தான் சிக்கல். ரப்பர் நாட்டில் வெளியே கிடக்கிற எதுவும் விடியும்போது அங்கேயே கிடக்கும் என்று சொல்ல முடியாது. காயப்போட்ட ரப்பர் ஷீட் போகும், பால் எடுக்கிற சிரட்டை போகும், சிரட்டையில் ஒட்டிய பால்கூடப் போகும். வால்வுப் பெட்டிகளின் மூடி தரைமட்டத்தில் பச்சைப் பசேலென்று தெரிந்தது மாமனாருக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஆலயத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஒவ்வொரு மூடியின் மேலும் ஒரு சாண் மண்ணைப் போட்டு, மிதித்து, அதன்மேல் சரளைக்கல்லை விரித்துவிட்டார்.

"எங்கெல்லாம் இருக்குண்ணு ஒரு அடையாளமாவது வைக்கப்பிடாதா?" என்று மாமி கேட்டாராம்.

"எனக்குத் தெரியும்லா. அது போரும்" என்றாராம்.

மாசி மாதத்தில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டு நின்றவர் கிணற்றடியில் சரிந்தார். வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது அவரிடம் மிச்சமிருந்தது இடது கையும் 'ஆ' என்கிற ஒரு சத்தமும்தான். எழுதச் சொன்னாலும் எழுத வரவில்லை; மூளையில் சொற்கள் இருக்கிற இடத்திலேயே அடி என்றார் டாக்டர். "எதுக்கும் இவரை வெப்ராளப் படுத்தாதீங்க. பிரஷர் கூடினா இன்னொண்ணு வரும்" என்று சொல்லி அனுப்பினார். வெப்ராளம் என்றால் பதற்றம், படபடப்பு. அதற்கு முன்னால் செல்லத்துரை மாமாவின் தொழிலே மற்றவர்களை வெப்ராளப் படுத்துவதுதான். வாயைத் திறந்தால் எதிரே நிற்பவனின் மூன்று தலைமுறை வெளியே வரும். அந்த வாய்க்கு இந்தக் கதி.

இங்கே நான் வருகிறேன்.

பெண் பார்க்கப் போன அன்று அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "நீரு கல்ஃபுல என்ன சோலி செய்யுதீரு?" என்பது. "இரிகேஷன் டெக்னீஷியன்" என்றேன். பூங்காக்களில் மண்ணுக்கடியில் போன வால்வுகளையும் கம்பிகளையும் மின்கருவி வைத்துக் கண்டுபிடிக்கிற வேலை என்று விளக்கினேன். அவர் கண் விரிந்தது. பெண்ணும் கிடைத்தது. உண்மை என்னவென்றால், கருவியை இயக்கியவன் வேறொருவன். நான் அதைச் சுமந்துகொண்டு அவன் பின்னால் நடந்தவன். பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அதுவே பெரிய பதவி. ஆனால் பார்த்துக்கொண்டே நடந்தேன் இல்லையா? பார்த்தால் போதாதா? (போதாது.)

ஊருக்கே திரும்பி வந்தபோது, கம்பெனி கழித்துப் போட்ட பழைய கருவி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அதைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன?"

"மண்ணுக்குள்ள கிடக்கிற கம்பியைக் கண்டுபிடிக்கும் சார்."

"தங்கம் கண்டுபிடிக்குமா?"

"இல்ல சார்."

"பின்ன எதுக்குடே இதச் செமந்துட்டு வாற?" என்று போகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதை நான் அன்றைக்கே யோசித்திருக்கலாம்.

பங்குனியில் வெயில் பழுக்கக் காய்ச்சியது. அந்த வருடம் கோடை மழை மலைக்கு மேலே இடித்துவிட்டுப் போனதே தவிர, இறங்கவில்லை. ஒரு காலை வடசேரியில் எங்கள் வீட்டுக்கு மாமியிடமிருந்து போன்.

"மருமவனே, மோட்டார் ஓடுது, தண்ணி வரல்ல. ஒரு மூலைக்கும் வரல்ல. தை எல்லாம் வாடுது. உங்க மாமா காலையில இருந்து ஒரே ஆ ஆண்ணு கெடக்காரு."

"தலைவால்வு திறக்கல்ல மாமி" என்றேன், டாக்டர் மாதிரி. "நான் வாறேன். கருவி இருக்கு."

'கருவி இருக்கு' என்பதை நான் சொன்ன தோரணையை என் மனைவி ஷீபா இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள். ஒரு புருவம் மட்டும் மேலே போகுமாம்.

பெட்டியையும் கோலையும் ஹெட்போனையும் தூக்கிக்கொண்டு ஷீபாவோடு பஸ் ஏறினேன். போய் இறங்கியபோது மாமியும், எதிர்வீட்டுத் தங்கையன் அண்ணனும் கிணற்றிலிருந்து குடத்தில் கோரி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தங்கையன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். வெட்டு முடிந்தால் இங்கேதான் இருப்பார். ஆயிரக்கணக்கான கூடுகள். இரண்டு குடம். ஒரு வரிசைக்கு ஊற்றி முடிப்பதற்குள் முதல் கூடு காய்ந்துவிடும்.

"மாப்பிள்ளே," என்றார் தங்கையன், "மோட்டார் மூட்டுல குழாய அறுத்து ஓஸ் போட்டு அடிச்சா என்ன? பாதியாவது பொழைக்கும்லா?"

நல்ல யோசனை. யாரும் சொல்லக்கூடிய யோசனை. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

"கருவியக் கையில வச்சுக்கிட்டுக் குழாய அறுப்பாங்களா? ஒரு மணி நேரம் பொறுங்க அண்ணே."

அந்த ஒரு மணி நேரம் ஒரு வாரம் நீடித்தது.

வேலை இப்படி. கருவிப் பெட்டியின் சிவப்புக் கொக்கியை வால்வுக்குப் போகிற கம்பியில் மாட்ட வேண்டும். கறுப்புக் கொக்கியைத் தரையில் அடித்த கம்பியில். பெட்டி ஒரு சத்தத்தைக் கம்பிக்குள் அனுப்பும். கோலைப் பிடித்துக்கொண்டு மண்மேல் நடந்தால் அந்தச் சத்தம் ஹெட்போனில் 'ங்ஙீ' என்று கேட்கும். கம்பிக்கு நேர் மேலே வந்தால் அடங்கும், விலகினால் எழும்பும். வால்வுக்குள் சுருள் கம்பி இருப்பதால் அதன் மேலே வந்தால் மட்டும் எந்தப் பக்கம் திரும்பினாலும் அலறும். அவ்வளவுதான். ஆனால் தொடங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எல்லா வால்வுக்கும் பொதுவாக ஒரு கம்பி போகும். அதைக் கழற்றி வைக்க வேண்டும். இல்லையென்றால் சத்தம் தோட்டம் முழுக்கப் பரவிவிடும். கல்ஃபில் ஃபோர்மேன் தினமும் காலையில் குட்மார்னிங்குக்குப் பதிலாக இதைத்தான் சொல்வான். நான் கழற்றவில்லை. கழற்ற வேண்டும் என்று நினைவு வந்தபோது மாமனார் மறுபடியும் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

சபையிலிருந்து இரவல் வந்த சக்கர நாற்காலியில் மாமா முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். முற்றத்தில் நல்ல பிலாமரம் ஒன்று நின்றது. அதன் நிழலில் வைத்தால் இருக்க மாட்டார். இடது கையால் சக்கரத்தைத் தள்ளித் தள்ளி, மோட்டார் அறைக்கும் தைகளுக்கும் நடுவே வெறும் சரளையில், உச்சி வெயிலில் போய் நிற்பார்.

"தையப் பாத்துக்கிட்டு இருக்கணும் அவியளுக்கு" என்று மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியில் ஒரு கறுப்புக் குடையைக் கட்டிக் கொடுத்தார்.

அது மட்டுமல்ல. இடது கை விரலால் காற்றில் வட்டம் போட்டுக்கொண்டே இருப்பார். வட்டம், வட்டம், வட்டம். என்னைப் பார்த்தும் போட்டார். நான் மாமியைப் பார்த்தேன்.

"ஆப்பம் கேக்காரு" என்றார் மாமி.

அன்று ஆப்பம் சுட்டார்கள். மாமா ஆப்பத்தைத் தட்டிவிட்டார். மறுநாள் தோசை. அதற்கடுத்த நாள் ஓட்டை போட்ட உளுந்தவடை. தட்டோடு பறந்தது. "வாய்க்கு ருசியில்லாம போச்சு போல" என்று ஷீபா அழுதாள். வடை நன்றாகத்தான் இருந்தது. நான்தான் பொறுக்கித் தின்றேன்.

முதல் நாள் மோட்டார் அறையிலிருந்து கோலோடு புறப்பட்டேன். சத்தம் அருமையாக வந்தது. அடங்கிய பாதையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நேரே மாமாவின் நாற்காலியை நோக்கிப் போயிற்று. நாற்காலியை நெருங்க நெருங்க ஹெட்போன் அலறியது. இடப்பக்கம் அலறல், வலப்பக்கம் அலறல், முன்னால் பின்னால் எல்லாம் அலறல். மாமாவும் கூடவே, கழுத்து நரம்பு புடைக்க, "ஆ! ஆ! ஆ!" என்று கத்தினார். கண் இரண்டும் என்மேல்.

நான் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கிக்கொண்டு, கூடி நின்றவர்களுக்கு விளக்கினேன்.

"பாத்தியளா? இது இரும்பு நாற்காலி. இரும்புப் பக்கத்துல வந்தா கருவிக்குக் குழப்பம் வரும். இத எல்லாம் கணக்குல எடுக்கப்பிடாது. அனுபவம் இல்லாதவன்னா இங்க தோண்டியிருப்பான்."

தங்கையன் அண்ணன் மரியாதையாகத் தலையாட்டினார். மாமாவின் சத்தம் நின்றது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனேன். பொதுக்கம்பி வழியாகக் கசிந்த சத்தம் அந்தப்பக்கம் தோட்டம் முழுக்கப் பரந்து கிடந்தது. எங்கெல்லாம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டதோ அங்கெல்லாம் சுண்ணாம்பால் குறி போட்டேன். தங்கையன் மம்பட்டியால் வெட்டினார். ஒரு குழியில் வேர். ஒரு குழியில் கம்பியின் முடிச்சு. ஒரு குழியில் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் போகிற குழாய். அதை உடைத்தும் விட்டோம். "மாப்பிள்ளே, தண்ணி கிட்டிச்சு, ஆனா சோப்பு மணக்கு" என்றார் தங்கையன். தைகள் வாடிக்கொண்டிருந்ததால் யாரும் சிரிக்கவில்லை. சோப்புத் தண்ணீரையும் வாரி ஊற்றினோம்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, வேலியோரத்தில் சத்தம் திடீரென்று மாறியது. அலறல். உண்மையான அலறல். இரும்பு எதுவும் பக்கத்தில் இல்லை. நான் கையைத் தூக்கினேன்.

"இங்கதான் அண்ணே. ஆணையிட்டுச் சொல்லுதேன்."

தங்கையன் வெட்டினார். ஒரு முழம் போனதும் மம்பட்டி 'கிணுங்' என்றது. நான் குதித்துக் குழிக்குள் இறங்கி, கையை விட்டு இழுத்தேன். சங்கிலி வந்தது. சங்கிலியைப் பிடித்து இன்னும் இழுத்தேன். சங்கிலியின் மறுமுனையில், போன வருடம் செத்த வீட்டு நாய் வந்தது. முழுதாக அல்ல.

ஷீபா ஓடிப்போய் வேலிக்கு அந்தப்பக்கம் வாந்தி எடுத்தாள். அவள் வளர்த்த நாய். மாமி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏன் மருமவனே," என்றார், "வால்வ விட்டுட்டு மத்த எல்லாத்தையும் எடுத்துருவியளா?"

நாயைத் திரும்பவும் புதைத்தோம். முதல்முறை புதைத்தபோது மாமா பக்கத்தில் நின்று ஜெபம் பண்ணினாராம். இரண்டாம் முறை அவர் நாற்காலியில் இருந்தபடி எங்களைப் பார்த்து வட்டம் போட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் ஷீபா என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள்: "இஞ்ச பாருங்க. அப்பாவ ஒரு தடவ அங்கேருந்து நகத்திட்டுப் பாத்தா என்ன?"

"இரும்புண்ணு சொன்னேம்லா?"

"அதுக்குத்தான் சொல்லுதேன். இரும்ப நகத்திட்டுப் பாக்கலாம்லா?"

நியாயம் அவள் பக்கம் இருந்தது. அதனால் செய்து பார்ப்பது என்று முடிவாயிற்று. நானும் தங்கையனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நாற்காலியை உருட்டப் போனோம். மாமா இடது கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பிரித்த கையால் என் கன்னத்தில் ஒன்று விட்டார். நோயாளியின் அடி என்று சொல்ல முடியாது. முகம் சிவந்து, வாய் கோணி, "ஆ" என்பதும் வராமல் மூச்சு வாங்கினார்.

"விடுங்க! விட்டுருங்க!" மாமி ஓடிவந்து கத்தினார். "பிரஷர் கூடிரும்! அவிய இருக்கப்பட்ட எடத்துல இருக்கட்டு! இனி ஒருத்தனும் நாற்காலியத் தொடப்பிடாது!"

யாரும் தொடவில்லை. அவருடைய நாற்காலியைச் சுற்றித் தரையில் ஒரு எல்லைக்கோடு போட்டதுபோல, நான் கோலோடு விலகி விலகி நடந்தேன்.

தைகள் முதலில் தலையைத் தொங்கப்போட்டன. பிறகு இலை ஓரம் சுருண்டது. பிறகு இலை கையோடு வந்தது. தங்கையன் ஒரு கூட்டை எடுத்து ஒட்டுக் கட்டிய இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பச்சையாக இருந்தால் உயிர் உண்டு. காப்பித்தூள் நிறத்தில் இருந்தது. ஓரமாக வைத்தார். அடுத்ததைச் சுரண்டினார். அதையும் ஓரமாக வைத்தார். ஓரமாக வைக்கிற வரிசை நீண்டுகொண்டே போயிற்று. மாமா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மொட்டையும் அவர் கையால் ஒட்டியது. ஒட்டிய கை மடியில் துணி மாதிரிக் கிடந்தது.

நான் தோட்டத்தின் கோடியில் இருந்தேன். ஹெட்போனில் 'ங்ஙீ'. நிமிர்ந்து பார்த்தபோது முற்றத்தில் எல்லாரும் ஓடுகிறார்கள். வாய்கள் திறந்து மூடுகின்றன. ஒரு சத்தமும் இல்லை. ஹெட்போனைக் கழற்றியதும் மாமியின் கூக்குரல் கேட்டது.

மாமா நாற்காலியிலிருந்து விழுந்து கிடந்தார். குடை ஒரு பக்கம். முகம் சரளையில். இடது கையால் தரையை அறைந்துகொண்டிருந்தார். அறைவது வலிப்பு மாதிரி இருந்தது.

"ரெண்டாவது அடிச்சாச்சு! எனக்க ஆண்டவரே, ரெண்டாவது அடிச்சாச்சு!"

நாங்கள் அவரைத் தூக்கினோம். அவர் தரையை விடவில்லை. சரளையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பக்கத்து எஸ்டேட் ஜீப் ஒன்றை மறித்து, அவரையும் பின்னால் நாற்காலியையும் ஏற்றி, மாமியும் ஷீபாவும் தங்கையனும் நாகர்கோவிலுக்கு விட்டார்கள். ஜீப் வளைவு திரும்புகிறவரை அவர் "ஆ" கேட்டது. எனக்கு இடமில்லை. இடமிருந்தாலும் மாமி ஏற்றியிருப்பாரா என்பது சந்தேகம்.

தனியாக நின்றேன். சுற்றிலும் குழிகள். மாமனாரைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்தேன். அவர் செத்தால் இந்தக் குழிகளில் ஏதாவது ஒன்று உதவும் என்றும் ஒரு நினைப்பு வந்தது. (மனது கேடுகெட்டது. அதை என்ன செய்ய?) சும்மா நிற்க முடியாமல், கருவியைக் கட்டி வைப்போம் என்று மோட்டார் அறைக்குப் போனேன். அங்கே, நேரம் பார்க்கிற பெட்டிக்குள், கழற்றாத பொதுக்கம்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்ததும் ஃபோர்மேனின் குட்மார்னிங் காதில் விழுந்தது. ஆனால் அப்போதும் எனக்கு நாற்காலி ஞாபகம் வரவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை ஷீபா சொல்லித்தான் தெரியும். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "புதுசா ஒண்ணும் இல்லம்மா, விழுந்ததுல சிராய்ப்புதான்" என்று சொல்லிவிட்டார். நர்ஸ் ஒருத்தி இடது கை விரல்களைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே கேட்டாளாம்: "என்ன அம்மா, தாத்தா தோட்ட வேலையா செஞ்சாரு? நகத்துக்குள்ள முழுக்க மண்ணு. நகம்கூடப் பேர்ந்திருக்கு."

மாமி அந்தக் கையை வாங்கிப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க விழல்லியா?"

"ஆ."

"எறங்குனியளா? தோண்டுனியளா?"

"ஆ! ஆ!"

மாமி தன் விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார். "இது ஆப்பம் இல்லியா?"

மாமா கண்ணை மூடிக்கொண்டு, தலையணையில் தலையை இப்படியும் அப்படியும் உருட்டினாராம். கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்றாம். வால்வுப் பெட்டியின் மூடி வட்டம் என்பது மாமிக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

எனக்குப் போன் வந்தது.

"மருமவனே, மம்பட்டிய எடுங்க. மாமாவுக்க நாற்காலி கெடந்த எடத்துல வெட்டுங்க."

"மாமி, அங்க இரும்பு..."

"இரும்பு இஞ்ச ஆசுத்திரி வராந்தாவுல கெடக்கு. வெட்டும் வே!"

மாமி என்னை மரியாதை குறைத்து 'வே' என்று கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

வெட்டினேன். ஒரு சாண்தான். மம்பட்டி பச்சை மூடியில் முட்டியது. வட்டமான மூடி. ஆப்பம் அளவு என்று சொல்ல முடியாது. கொஞ்சம் பெரிய ஆப்பம். திறந்தால் உள்ளே தலைவால்வு, சுற்றியிருந்த கம்பி முடிச்சு பச்சைப் பாசியாக அரித்துப் போய், ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் தலையில் கையால் திறப்பதற்கென்றே ஒரு சிறு திருகு உண்டு. மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து, இரண்டு விரலால் அதைத் திருகினேன். உள்ளே ஏதோ பெருமூச்சு விட்டது. மண்ணுக்கடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. ஹெட்போன் இல்லாமலே கேட்டது.

மற்ற வால்வுகளுக்குப் பெட்டியில் சுவிட்சைப் போட்டதும் அத்தனை தெளிப்பான்களும் ஒரே நேரத்தில் எழும்பின. அவ்வளவு அழகாக அது வேலை செய்து நான் பார்த்ததில்லை. காய்ந்த குச்சிகளின் மேல் தண்ணீர் பூப்பூவாக விழுந்தது. தைகள் நின்ற இடம் முழுக்கக் கறுப்புக் கூடுகள் பளபளவென்று நனைந்தன. மாமி குடத்தில் ஊற்றிக்கொண்டே இருந்த ஒரு மூலை மட்டும் பச்சையாக இருந்தது. மற்றதெல்லாம் விறகு.

மறுநாள் மாமாவைக் கொண்டுவந்தார்கள். நாற்காலியை எங்கே வைக்க என்று யாரும் கேட்கவில்லை. குழியின் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். திறந்து கிடந்த மூடியைப் பார்த்தார். சுழன்று விழுகிற தண்ணீரைப் பார்த்தார். செத்த வரிசைகளைக் கடைசிவரை பார்த்தார். பிறகு இடது கையால் என்னை அருகில் வரும்படி சைகை செய்தார். இன்னொரு கன்னம் மிச்சமிருந்தது; அதைக் கொடுக்கலாம் என்று குனிந்தேன். அவர் அடிக்கவில்லை. என் கழுத்தில் அப்போதும் தொங்கிக்கொண்டிருந்த ஹெட்போனைப் பிடித்து, தலைக்கு மேலாக உருவி, நனைந்த சேற்றில் போட்டார். அவ்வளவுதான். பிறகு கையை மடியில் இருந்த மற்ற கையின் மேல் வைத்துக்கொண்டார்.

நாற்காலியை நகர்த்தினால் அடையாளம் போய்விடும் என்று பயந்திருக்கிறார். வேறு எப்படியும் சொல்ல வழியில்லாமல், தன் உடம்பையே கொண்டுபோய் அடையாளமாக வைத்திருக்கிறார். உச்சி வெயிலில், ஒரு வாரம். ஒரு முட்டாள் அவரைச் சுற்றிச் சுற்றி நடப்பதைப் பார்த்துக்கொண்டு.

ஜூனில் ஜீப்புகள் வந்தன. வெறுங்கூடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. பச்சையாக நின்ற மூலையை மாமா யாருக்கும் கொடுக்கவிடவில்லை. அந்த முற்றத்திலேயே நடவைத்தார். அதற்குப் பிறகு அவர் தை போடவில்லை. போட முடியவில்லை என்பது சரி. சில சொற்கள் வருடக்கணக்கில் மெதுவாகத் திரும்பி வந்தன. 'வெள்ளம்' (தண்ணீர்), 'போ', 'ஷீபா'. என்னைப் பார்த்தால் மட்டும் சொல் எதுவும் தேவைப்படாது. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, நல்ல காலைக் கொஞ்சம் தூக்கி, இடது கையால் நாற்காலிக்கு அடியைக் காட்டுவார். 'இங்கே பார்த்தாயா?' என்று கேட்கிற மாதிரி. பிறகு சத்தமில்லாமல் தோள் குலுங்கும். நானும் ஒவ்வொரு முறையும் குனிந்து பார்ப்பேன். அது எங்களுக்குள் வணக்கம் சொல்கிற முறை ஆகிவிட்டது.

சில வருடம் கழித்து ஒரு காலையில், தூக்கத்திலேயே போய்விட்டார். எங்கள் பக்கத்தில் பலரும் சொந்த நிலத்திலேயே அடக்கம் பண்ணுவார்கள். அவருடைய அப்பாவையும் அம்மாவையும் மேட்டுப் பக்கம் அடக்கியிருந்தார்கள். அந்தக் கல்லறைகளின் விளிம்பு மண்மூடித் தெரியவில்லை. எங்கே வெட்டினால் பழையதில் முட்டாது என்று ஆண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மம்பட்டியோடு நின்றேன். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், நடந்தது எதுவும் தெரியாதவர், "மருமவன்ட்ட மண்ணுக்கடியில பாக்கப்பட்ட கருவி ஒண்ணு உண்டும்லா?" என்று சத்தமாகக் கேட்டார்.

சவப்பெட்டியின் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த மாமி நிமிர்ந்தார்.

"எனக்கப் பொன்னு மக்களே, அவருட்ட மட்டும் கேட்டுராதீங்க! இந்த மனுசன் இன்னும் ஒரு வாரம் இப்படியே கெடக்கணும்!"

தங்கையன் அண்ணனுக்குத்தான் முதலில் சிரிப்புத் தாங்கவில்லை. அடுத்தது ஷீபா, அழுதுகொண்டே சிரித்தாளா, சிரித்துக்கொண்டே அழுதாளா என்று சொல்ல முடியாது. போதகர் வேதப்புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். புத்தகம் குலுங்கியது. சாவு வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. சொல்லிவிட்டு மாமி மறுபடியும் பெட்டியில் தலையை வைத்து, முன்னைவிடப் பெரிதாக அழுதார்.

எங்கள் சொந்தத்தில் இன்றைக்கு வாழை வைக்கக் குழி எடுத்தாலும், கல்யாணப் பந்தலுக்குக் கால் நட்டாலும், யாராவது ஒருவர் மாமியின் அந்த வாசகத்தைச் சொல்லாமல் வேலை தொடங்காது. சின்னப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம்.

அன்றைக்குத் தங்கையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, என் கையிலிருந்த மம்பட்டியை வாங்கிக்கொண்டார். "மாப்பிள்ளே, நீங்க அந்தப் பக்கமாப் போய் நாற்காலியில இருங்க" என்றார். கொடுத்துவிட்டுப் போனேன். உட்காருவதற்கு முன்னால் நாற்காலியைத் தூக்கி அடியில் பார்த்தேன். மேட்டில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.